சோடியம் தெருவிளக்கு 14 சேர்ந்துவிட்டது. அவை எரிந்த இடத்தை எப்படி எழுதி வைப்பது?

இரவு வண்டி

வணக்கம். தஞ்சாவூர் – பட்டுக்கோட்டை தடத்தில் 19 வருஷமாக நடத்துநராக இருக்கிறேன். அதில் பாதிக்கு மேல் கடைசி வண்டிதான். ராத்திரி தஞ்சாவூரில் எடுத்து ஒரத்தநாடு தாண்டினால் வண்டியில் பத்துப் பதினைந்து பேர் இருப்பார்கள். டிக்கெட் போட்டுக் கணக்கு எழுதி முடித்தபின் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பதுதான் மிச்ச வேலை. இருட்டில் ஊர் வருவதை எனக்குச் சொன்னது சோடியம் விளக்கு. வயல் முடிகிற இடத்தில் முதலில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு புகைச்சல் தெரியும். எழுந்து விசிலை வாயில் வைப்பதற்குள் நிறுத்தம் வந்துவிடும்.

எல்லா விளக்கும் ஒன்றுபோல் இருக்காது. வாய்க்கால் பாலத்து விளக்கு அணைந்து அணைந்து எரியும். புளியமரத்து நிறுத்தத்தில் இருந்தது மட்டும் மற்றவை மாதிரி ஆரஞ்சாக இல்லாமல், மஞ்சள் கிழங்கை உரசிப் பூசினாற்போல் சுத்த மஞ்சள். வெளிச்சமும் கம்மி. அங்கே கீழே இறங்கி நின்று டிக்கெட் கிழிப்பது எனக்குப் பெரிய பாடு. அப்போது மெஷின் கிடையாது, காகித டிக்கெட் கட்டுதான். விலைக்கு ஒரு நிறம். பகலில் நிறத்தைப் பார்த்தே விரல் கிழித்துவிடும். அந்த மஞ்சளில் ரோஸ், பச்சை, ஊதா எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரியும். எண்ணைப் படித்துத்தான் கிழிக்க வேண்டும்.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரை கடந்தது. எங்கள் பக்கத்துத் தென்னந்தோப்புகள் சாய்ந்தது எல்லோருக்கும் தெரியும். கம்பங்களும் வரிசையாக விழுந்தன. வண்டி திரும்ப ஓடத் தொடங்கிய ராத்திரி, வழி நெடுக ஒரு விளக்கு இல்லை. எந்த ஊரில் இருக்கிறோம் என்று ஓட்டுநரும் தடுமாறினார், நானும் தடுமாறினேன். அப்புறம் நட்ட கம்பங்களில் நான் பார்த்த வரையில் வெள்ளை எல்.இ.டி.தான் ஏறியது. மிச்சம் இருந்த சோடியமும் அடுத்த சில வருஷங்களில் ஒவ்வொன்றாகப் போய்விட்டது.

2019-இல் ஒரு நாள் பழைய இரும்புக் கடை வாசலில் பிட்டிங்குகள், அதாவது தெருவிளக்கின் அலுமினியக் கூடுகள், குவிந்து கிடப்பதைப் பார்த்தேன். மேலே கிடந்த ஒன்றின் மூடியை நீல நைலான் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. வைக்கோல் லாரி இடித்து நசுங்கிய பள்ளமும் அப்படியே இருந்தது. அது புளியமரத்து விளக்கு. வருஷக்கணக்காக அதன் கீழே நின்றிருக்கிறேன், தப்பாக வாய்ப்பே இல்லை. கடைக்காரரிடம் கேட்டு எடை போட்டு வாங்கினேன். அதிலிருந்து ஆரம்பித்து இப்போது 14 பிட்டிங் மாட்டுக் கொட்டகையில் அடுக்கியிருக்கிறேன். பெரும்பாலானவற்றில் சோக் இல்லை, பல்புக்கு மின்சாரத்தை அளவாக விடுகிற கம்பிச்சுருள் அது. செம்புக்காக அதை முதலிலேயே பிரித்து எடுத்துவிடுகிறார்கள். புளியமரத்து விளக்கில் மட்டும் பல்ப், சோக், இக்னைட்டர், கெப்பாசிட்டர் நான்கும் இருக்கின்றன. சோக்கில் 70 வாட் என்று இருப்பதால் நோட்டில் ‘எண் 6, 70 வாட்’ என்று எழுதினேன். ஹோல்டர் மட்டும் பெரிதாக இருக்கிறது, பத்து ரூபாய் நாணயத்தை உள்ளே போட்டால் சுற்றிலும் இடம் இருக்கிறது. பல்ப் நீளக் குழாய் வடிவம், அதன்மேல் அச்சடித்த எழுத்து அழிந்துவிட்டது.

மூடியைத் திறந்தபோது உள்ளே ஒரு கைப்பிடி ஈசல் இறகு. அலுமினிய மூலையில் குளவி கட்டிய மண்கூடு. ஹோல்டருக்குப் பின்னால் பல்லி முட்டை ஓடு இரண்டு, தொட்டால் உடைகிற மாதிரி. துடைக்க மனசு வரவில்லை, ஐந்து வருஷமாக அப்படியே மூடி வைத்திருக்கிறேன்.

நான் கேட்க வருவது இதுதான். பிட்டிங் கையில் இருக்கிறது. ஆனால் என் பையனிடம் காட்டினால் அவனுக்கு அது நசுங்கிய அலுமினியம், அவ்வளவுதான். எந்த இடத்தில், எவ்வளவு உயரத்தில், எந்த நிறத்தில் எரிந்தது என்பதையெல்லாம் எப்படிக் குறித்து வைப்பது? உள்ளே இருக்கும் குப்பையைச் சுத்தம் பண்ணலாமா? வீட்டில் எரிய வைத்துப் பார்க்கலாமா? வாய்க்கால் பாலத்து விளக்கு ஒன்றுதான் இன்னும் கம்பத்தில் உயிரோடு இருக்கிறது. போனில் படம் எடுத்தால் அந்த ஆரஞ்சு வெள்ளையாக வந்து நிற்கிறது. அதையும் எப்போது கழற்றுவார்களோ தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஏணி வண்டி

தம்பி, நான் 31 வருஷம் தெருவிளக்கு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். டியூப் லைட் மாட்டினேன், அதைக் கழற்றி மெர்குரி மாட்டினேன், மெர்குரியைக் கழற்றி சோடியம் மாட்டினேன். கடைசி இரண்டு வருஷம் சோடியத்தைக் கழற்றி எல்.இ.டி. மாட்டினேன். கழற்றியதை இப்படி ஒருவர் கொட்டகையில் அடுக்கி வைத்திருப்பார் என்று நினைக்கவே இல்லை. படிக்கும்போது சந்தோஷமாக இருந்தது.

முதலில் நோட்டில் எண் 6-ஐத் திருத்துங்கள். அது 70 வாட் பிட்டிங் இல்லை. 70 வாட் சோடியத்துக்கு 27 மில்லிமீட்டர் திருகு, வீட்டில் போடும் திருகு பல்பின் அளவு. பத்து ரூபாய் நாணயமும் 27 மில்லிமீட்டர்தான், அந்த ஹோல்டர் வாயில் வைத்தால் இடைவெளி இல்லாமல் நிற்கும். நாணயத்தைச் சுற்றி இடம் இருக்கிறது என்றால் அது 40 மில்லிமீட்டர் ஹோல்டர், நாங்கள் கோலியாத் என்போம். 150, 250, 400 வாட்டுக்குப் போடுவது. நீங்கள் சொல்கிற அளவுக்கு அது 150 வாட் பிட்டிங்காக இருக்கும். பல்பும் 150.

அப்படியானால் 70 வாட் சோக் அதற்குள் எப்படி வந்தது? எங்களை மாதிரி யாரோ ஒருவர் மாட்டியிருக்கிறார். மழைக்காலத்தில் சோக் எரிந்து போகும். ஸ்டோரில் 150 சோக் இருக்காது. ஊர்க்காரர்கள் வந்து நிறுத்தம் இருட்டாக இருக்கிறது, பெண்பிள்ளைகள் நிற்க முடியவில்லை என்பார்கள். கையில் இருக்கிற 70 சோக்கை வைத்து இப்போதைக்கு எரியட்டும் என்று மூடிவிட்டு வருவோம். 150 சோக் வந்ததும் மாற்றலாம் என்று நினைப்போம், அது நடக்காது. பல்புக்குப் போக வேண்டிய மின்சாரத்தில் பாதிதான் போகும். எரியும், ஆனால் மங்கலாக எரியும். நீங்கள் சொன்ன ‘வெளிச்சமும் கம்மி’ அதுதான். இதை அவசியம் எழுதுங்கள். பிட்டிங் செய்த கம்பெனி பெயரை எவரும் பார்த்து எழுதிவிடலாம், இது எங்கும் இருக்காது.

வாய்க்கால் பாலத்து விளக்கு அணைந்து எரிகிறதே, அது பல்பின் கடைசிக் காலம். வயசாக வயசாக உள்ளே இருக்கும் சோடியம் குறையும், பல்ப் கேட்கும் வோல்ட் ஏறிக்கொண்டே போகும். சூடேறி முழு வெளிச்சத்துக்கு வரும்போது சோக் கொடுக்க முடிகிற அளவைத் தாண்டிவிடும், பட்டென்று அணையும். ஆறினபின் இக்னைட்டர் மறுபடி அடித்துப் பற்ற வைக்கும். ஆகவே தாமதம் செய்யாதீர்கள். எத்தனை நிமிஷம் எரிகிறது, எத்தனை நிமிஷம் அணைந்து கிடக்கிறது என்று கடிகாரம் பார்த்து எழுதிவிடுங்கள்.

கம்பத்தில் பெயின்டில் எண் இருக்கும், அதைக் குறியுங்கள். கம்பம் சிமென்ட்டா இரும்பா, கை எவ்வளவு நீளம், எந்தப் பக்கம் பார்க்கிறது, சுவிட்சா டைமரா. எங்கள் காலத்தில் சாயங்காலம் சைக்கிளில் போய் ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து சுவிட்ச் போட ஆள் இருந்தார். உங்கள் ஊரிலும் இருந்திருப்பார். அவர் இருந்தால் போய்ப் பேசுங்கள், அவருக்குத்தான் எல்லா விளக்கும் தெரியும்.

கம்பத்தில் இருப்பதை நீங்கள் தொடவே கூடாது. அது உள்ளாட்சியின் சொத்து. கழற்றியபின் கணக்கில் ஏறி ஏலத்துக்கு வரும். ஏலம் எடுத்தவரிடம் வாங்குங்கள், ஒரு துண்டுச் சீட்டாவது எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டில் எரிய வைப்பது பற்றி: இக்னைட்டர் பற்ற வைக்கும்போது 4,000 வோல்ட் அளவுக்கு அடிக்கும். சுவிட்சை அணைத்தபின்னும் கெப்பாசிட்டர் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். பிட்டிங்கின் உடம்புக்கு எர்த் கொடுக்காமல், ஒயரிங் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இல்லாமல் வேண்டாம். 150 பல்பை 70 சோக்கில் எரித்தால் மங்கும், அவ்வளவுதான். 70 பல்பை 150 சோக்கில் போட்டுவிடாதீர்கள், பல்ப் வெடிக்கும். வெளிக்கண்ணாடியில் கீறல் இருந்தால் எந்தப் பல்பையும் எரிக்காதீர்கள்.

நியூட்டன் வளையம்

ஏணி வண்டி ஐயா சொன்னதைப் படித்ததும் ஓடி வந்து எழுதுகிறேன். கல்லூரியில் இயற்பியல் ஆய்வகம் எடுக்கிறேன். புளியமரத்து மஞ்சளுக்கும் என் ஆய்வக விளக்குக்கும் சம்பந்தம் இருக்கிறது.

பி.எஸ்ஸி. இயற்பியல் படித்தவர்களுக்கு நியூட்டன் வளையம் சோதனை நினைவிருக்கும். மரப்பெட்டிக்குள் ஒரு சோடியம் விளக்கு, சூடாகப் பத்து நிமிடம் காத்திருப்போம். அது குறைந்த அழுத்த விளக்கு. சோடியம் ஆவி மெலிதாக இருக்கும்போது கிட்டத்தட்ட ஒரே மஞ்சளைத்தான் உமிழும்: அலைநீளம் 589.0, 589.6 நானோமீட்டர், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கோடுகள். வேறு நிறமே இல்லாத வெளிச்சத்தில் எந்தப் பொருளுக்கும் நிறம் இருக்காது. அதனால்தான் அண்ணனின் டிக்கெட்டுகள் சாம்பலாகத் தெரிந்தன.

தெருவில் இருந்தவை உயர் அழுத்த விளக்குகள். அழுத்தம் ஏறும்போது அந்த இரண்டு கோடுகளும் இருபுறமும் விரியும், பச்சை, ஆரஞ்சு, சிவப்பு எல்லாம் கலக்கும். அதுதான் நாம் தெருவில் பார்த்த தங்க ஆரஞ்சு. இந்தச் சூட்டில் சோடியம் கண்ணாடியை அரித்துவிடும் என்பதால் நீண்ட காலம் இப்படி ஒரு விளக்கு செய்ய முடியவில்லை. 1950-களின் கடைசியில் ஜெனரல் எலக்ட்ரிக்கில் ராபர்ட் கோபிள் ஒளி ஊடுருவும் அலுமினா பீங்கானை உருவாக்கியபிறகுதான் வழி பிறந்தது. உங்கள் பல்புக்குள் வெள்ளையாக, விரல் தடிமன்கூட இல்லாத ஒரு குழாய் தெரியுமே, அது அந்தப் பீங்கான்தான்.

இப்போது எண் 6. பாதி மின்சாரம் கிடைத்த பல்ப் முழுச் சூட்டுக்கு வராது. உள்ளே அழுத்தமும் ஏறாது. ஆகவே அது என் ஆய்வக விளக்கை நோக்கிச் சரிந்திருக்கும். எந்தச் சோடியம் விளக்கும் பற்றிய முதல் ஓரிரு நிமிடங்களில் அந்த மஞ்சளைக் கடந்துதான் ஆரஞ்சுக்கு வரும். புளியமரத்து விளக்கு போகிற வழியிலேயே நின்றுவிட்டது. அண்ணன் அந்த நிறத்தை இத்தனை வருஷம் நினைவில் வைத்திருந்தது எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது. அளவிடும் கருவி எதுவும் இல்லாமல் கண்ணால் பிடித்திருக்கிறீர்கள்.

வாய்க்கால் பாலத்துக்குப் போகும்போது ஒரு காலணிப் பெட்டியைக் கொண்டு போங்கள். ஒரு முனையில் இரண்டு பிளேடுகளை முடி அளவு இடைவெளியில் ஒட்டுங்கள். மறுமுனையில் பழைய சி.டி. ஒன்றைச் சாய்த்து வையுங்கள், மேலே பார்க்க ஓட்டை. பிளேடு இடுக்கை விளக்கை நோக்கிக் காட்டினால் நிறப்பட்டை தெரியும். மஞ்சள் மிகப் பிரகாசமாக இருக்கும் என்றுதானே எதிர்பார்ப்போம்? சரியாக அந்த 589-இல் கறுப்பாக ஒரு கோடு விழுந்திருக்கும். நடுவில் பிறக்கும் மஞ்சளைக் குழாயின் ஓரத்தில் இருக்கும் குளிர்ந்த சோடியம் ஆவியே விழுங்கிவிடுகிறது. மாணவிகளிடம் முதலில் ஆய்வக விளக்கையும் பிறகு தெருவிளக்கையும் காட்டுவேன். ஒன்றில் ஒளிர்கிற இடம் மற்றதில் இருண்டு கிடக்கும். இனி காட்ட எங்கள் தெருவில் விளக்கு இல்லை.

போன் படம் வெள்ளையாவதற்குக் காரணம், கேமரா தானாக நிறத்தைச் சரிசெய்வது. ப்ரோ மோடுக்குப் போய் ஒயிட் பேலன்ஸை 5,500 அல்லது ‘வெயில்’ என்பதில் பூட்டிவிடுங்கள். ஷட்டரை 1/50 அல்லது 1/100-இல் வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கும், வேறு வேகத்தில் வைத்தால் படத்தில் பட்டை பட்டையாக விழும். விளக்கின் கீழே சிவப்பு, பச்சை, நீலத் துணிகளையும் ஒரு வெள்ளை வேட்டியையும் தொங்கவிட்டு ஒரு படம். மறுநாள் பகலில் அதே துணிகளை அதே இடத்தில் ஒரு படம். பிற்காலத்தில் யாரும் கணக்குப் போட்டுப் பார்க்க அது போதும்.

மாடித் தோட்டம்

மன்னிக்கவும், குறுக்கே வருகிறேன். எங்கள் தெருவில் எல்.இ.டி. வந்தபிறகுதான் வாசலில் கிடப்பது கயிறா பாம்பா என்று தெரிகிறது. மின்சாரமும் எவ்வளவு மிச்சம். 2015 ஜனவரியில் மத்திய அரசு தெருவிளக்குக்கென்றே தேசியத் திட்டம் கொண்டு வந்தது அதற்காகத்தானே? பழைய விளக்கை இவ்வளவு தேட வேண்டுமா?

ஏணி வண்டி

அம்மா, நீங்கள் சொல்வது சரி. 70 வாட் சோடியம் சோக்கோடு சேர்த்து 80-க்கு மேல் இழுக்கும். அந்த இடத்தில் அதில் பாதிகூட எடுக்காத எல்.இ.டி.யை நானே மாட்டியிருக்கிறேன். திரும்பக் கொண்டுவரச் சொல்லி யாரும் இங்கே கேட்கவில்லை. வீட்டில் காஸ் அடுப்பு வந்தபின் ஆட்டுக்கல்லையும் அடுப்பையும் யாராவது படம் எடுத்து வைத்தார்களா? அம்மா எந்த இடத்தில் உட்கார்ந்து அரைத்தார் என்று இன்று என் வீட்டில் காட்ட முடியவில்லை.

குரோய்டன் சிவா

அண்ணை, வணக்கம். நான் லண்டன் குரோய்டனில் இருக்கிறேன், ஊர் யாழ்ப்பாணம். உங்கள் பதிவை இரண்டு தரம் வாசித்தேன்.

நான் இங்கு வந்த புதிதில் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை. பின்னேரம் வேலைக்கு நடக்கிற நேரம் வீதி விளக்குகள் முதலில் சிவப்பாகப் பற்றும். உள்ளே இருக்கிற நியோன் வாயுவின் நிறம் அது. பத்து நிமிடம் போக அந்தச் சிவப்பு கரைந்து முழுவதும் மஞ்சளாகும். ஆசிரியை சொன்ன குறைந்த அழுத்த விளக்குகள் இங்கு வீதியிலேயே இருந்தன. எஸ்.ஓ.எக்ஸ். என்று பெயர். அதன் கீழ் சிவப்புக் காரும் நீலக் காரும் ஒரே மாதிரிக் கறுப்பாகத் தெரியும். வந்த முதல் கிழமை என் கண்ணில்தான் ஏதோ வருத்தம் என்று பயந்தேன்.

பிறகுதான் அறிந்தேன், உலகத்தில் சோடியம் வெளிச்சம் முதலில் வீதிக்கு வந்த இடங்களில் எங்கள் குரோய்டனும் ஒன்று. 1932-இல் இங்கு பர்லி வேயில் பொருத்தினார்கள். அதே வருடம் நெதர்லாந்தில் பேக், கெலேன் என்ற இரண்டு ஊர்களுக்கு இடையிலான வீதியில் பிலிப்ஸ் பொருத்தியது. அந்த பர்லி வேயால் இன்றும் கிழமைக்கு நான்கு தரம் வாகனம் ஓட்டுகிறேன்.

இந்த எஸ்.ஓ.எக்ஸ். மின்குமிழ்களைக் கடைசியாகச் செய்தது ஸ்கொட்லாந்தில் ஹாமில்டன் என்ற இடத்துத் தொழிற்சாலை. 2019 டிசம்பர் 31-உடன் நிறுத்திவிட்டார்கள். என்னிடம் 35 வாட் ஒன்று இருக்கிறது, 31 சென்ரிமீற்றர் நீளம். உள்ளே யு வடிவக் கண்ணாடிக் குழாய். அந்தக் குழாய் நெடுக சின்னச் சின்னக் குழிகள் இருக்கும், ஒவ்வொரு குழியிலும் வெள்ளி முத்துப்போல ஒரு சொட்டு சோடியம் உறைந்து நிற்கும். சோடியம் ஒரே பக்கம் ஓடிச் சேராமல் இருக்கத்தான் அந்தக் குழிகள். யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் மனம் நிறையும். இந்தியாவில் எவரிடமாவது இப்படி ஒன்று உங்களுக்குக் கிடைத்தால் படுக்கவைத்தே கொண்டு போங்கள், உடைக்க வேண்டாம், தண்ணீர் படவிட வேண்டாம். சோடியம் தண்ணீரோடு சேர்ந்தால் நெருப்புப் பிடிக்கும்.

என்னுடைய துக்கத்தையும் சொல்கிறேன். எங்கள் வீதியில் விளக்கு மாற்ற வந்த வேலைக்காரரிடம் கேட்டு அந்த 35 வாட்டை வாங்கினேன். அன்றைக்கு அவ்வளவு சந்தோஷம். இரவு வீட்டுக்கு வந்தபோது வீதி வெள்ளையாக இருந்தது. அப்போதுதான் உறைத்தது, அந்த வீதி மஞ்சளாக இருந்த ஒரு படமும் என்னிடம் இல்லை. பிள்ளைகளின் பிறந்தநாள் படங்களைக் கிளறிப் பார்த்தேன். யன்னலுக்கு வெளியே ஒரு மூலையில் மஞ்சள் புள்ளி விழுந்த படம் ஒன்றுதான் கிடைத்தது. ஆகவே அண்ணை, கொட்டகையில் இருப்பது எங்கும் போகாது. எரிகிற விளக்கிடம் முதலில் போங்கள். பகலில் தூரத்தில் இருந்து ஒரு படம், கிட்ட ஒரு படம், பற்றுகிற நேரம் ஒன்று, முழு இரவில் ஒன்று. மாற்றியபின் அதே இடத்தில் நின்று கடைசிப் படம்.

குளவிக் கூட்டைத் தொடவேண்டாம். தூசியைத் துடைத்தால் புதிதாக வாங்கிய சாமான் போல் ஆகிவிடும். திறந்து ஒரு படம் எடுத்துவிட்டு அப்படியே மூடிவிடுங்கள்.

இரவு வண்டி

எல்லோருக்கும் நன்றி. உடனே பதில் எழுதாததற்குக் காரணம், வார ஓய்வு நாளுக்காகக் காத்திருந்தேன். நேற்று ராத்திரி வாய்க்கால் பாலத்தில் இருந்தேன்.

சாயங்காலம் 5 மணிக்கே போய்விட்டேன். பக்கத்து டீக்கடைக்காரரிடம் விஷயத்தைச் சொன்னதும் பெஞ்சை வெளியே போட்டுக் கொடுத்தார். கம்பம் சிமென்ட். எண் பாதி உரிந்திருந்தது, அவர் தண்ணீர் ஊற்றித் துடைத்ததும் தெரிந்தது. விளக்கு 6.22-க்குப் பற்றியது. முதலில் நீலம் கலந்த வெள்ளையில் ஒரு துடிப்பு, அப்புறம் மஞ்சள். அந்த மஞ்சளைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டேன். புளியமரத்து நிறம் அப்படியே. ஆசிரியை அம்மா சொன்னது அப்போதுதான் முழுதாகப் புரிந்தது. ஒரு நிமிஷத்துக்குமேல் நிற்கவில்லை, ஆரஞ்சுக்குப் போய்விட்டது. இத்தனை வருஷம் நான் எப்போதும் அதைப் பாதியில்தான் பார்த்திருக்கிறேன், வண்டி நிற்கிற அரை நிமிஷம்தானே.

8 மணி வரை கணக்கு எடுத்தேன். எரிந்தது ஆறரை நிமிஷத்திலிருந்து ஏழு நிமிஷம். அணைந்து கிடந்தது இரண்டு நிமிஷத்துக்குக் கொஞ்சம் கூட. அணைவதற்கு முன் நல்ல வெளிச்சமாக, லேசாக ரோஸ் கலந்து எரிகிறது. எல்லாம் நோட்டில் இருக்கிறது.

துணிக்குப் பதிலாக வேறொன்று செய்தேன். மெஷின் வருவதற்கு முன்பு மிச்சமான டிக்கெட் அடிக்கட்டைகள் கொஞ்சம் வீட்டில் கிடந்தன. ரோஸ், பச்சை, ஊதா, மஞ்சள், வெள்ளை என்று ஐந்து நிறத்தை ஒரு அட்டையில் ஒட்டிக் கம்பத்தடியில் வைத்து, ஒயிட் பேலன்ஸைப் பூட்டி எடுத்தேன். இன்று காலை வெயிலில் மறுபடி எடுத்தேன். விளக்கில் எடுத்த படத்தில் ரோஸுக்கும் மஞ்சளுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. படத்தைப் பார்த்த பையன், “இதையா இருட்டில் கிழிச்சீங்க?” என்றான். அப்புறம் அவனே காலணிப் பெட்டி தேடி எடுத்து வந்து பிளேடு ஒட்டிக்கொண்டிருக்கிறான். அடுத்த ஓய்வில் கறுப்புக் கோட்டைப் பார்க்க இருவரும் போகிறோம்.

எங்கள் பக்கத்தில் சுவிட்ச் போட்டவர் ஒருவர் இருக்கிறார் என்று டீக்கடையில் சொன்னார்கள், பாலம் தாண்டி இரண்டாவது ஊர். வயது 80-க்கு மேல். ஞாயிற்றுக்கிழமை போகப் போகிறேன்.

எண் 6-ஐத் திருத்தி எழுதியது இது. ஏதாவது விட்டுப்போயிருந்தால் சொல்லுங்கள்:

எண் 6. புளியமரத்து நிறுத்தம், தஞ்சாவூர் போகும் பக்கம். கம்பம் சிமென்ட், பேருந்து மேற்கூரையைவிட ஒரு ஆள் உயரம் அதிகம். 150 வாட் பிட்டிங், 150 வாட் பல்ப், 70 வாட் சோக். நிறம் சுத்த மஞ்சள், மங்கல். வலது பக்கம் வைக்கோல் லாரி இடித்த பள்ளம், மூடியில் நீல நைலான் கயிறு. உள்ளே குளவிக் கூடு 1, பல்லி முட்டை ஓடு 2, ஈசல் இறகு. சுத்தம் செய்யவில்லை. 2018 கஜாவில் கம்பத்தோடு விழுந்தது. 2019-இல் பழைய இரும்புக் கடையில் வாங்கியது.

அந்த நிறுத்தம் ராத்திரியில் எரிந்த படம் என்னிடம் இல்லை. ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை பக்கத்தவர் யாராவது 2018-க்கு முன் கல்யாண ஊர்வலமோ திருவிழாவோ அந்த ரோட்டில் எடுத்திருந்தால், பின்னால் ஒரு மஞ்சள் விளக்கு விழுந்திருக்கிறதா என்று கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள். பெரிய புளியமரம், எதிரே ஓடு போட்ட நிழற்குடை.